சுவர் நனைந்தால் கடைசி வைத்தியத்தைச் சந்தேகியுங்கள்: பட்டியலில் உள்ள பழைய வீடுகளில் பழுது கண்டுபிடிப்பது எப்படி

அரசின் மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் பழைய வீட்டுக்கு யார் என்னைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சுவரில் ஓதம் ஏறுகிறது, என்ன பூசலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "கடைசியாக என்ன பூசினீர்கள்?" 150 வருஷம் உலர்ந்தே நின்ற சுவர் கடந்த 10 வருஷத்தில் நனையத் தொடங்கியிருந்தால், அந்த 10 வருஷத்துக்குள் அதற்கு ஏதோ நடந்திருக்கிறது. வெளியே சிமெண்ட் பூசியிருப்பார்கள். உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருப்பார்கள். தோட்டத்து மண்ணை உயர்த்தியிருப்பார்கள், புகைபோக்கியை அடைத்திருப்பார்கள். பழைய வீட்டில் நோயைவிட, அதற்குக் கடைசியாகப் பார்த்த வைத்தியத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. வீட்டின் ஒவ்வொரு சுவரையும் கூரையையும் தளத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிறகு, மழை கொட்டும்போது குடையோடு வெளியே போய் வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்தக் குழாய் வழிகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் சுவர் கறுக்கிறது என்பதை அந்த அரை மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். வெயில் நாளில் எந்தக் கருவி வைத்து அளந்தாலும் அவ்வளவு தெரியாது.

அறிகுறி: சுவரின் அடியில் ஈரம், பூச்சு பொரிந்து உதிர்கிறது

பெரும்பாலான வீடுகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய சுவர் செங்கல்லோ கல்லோ, அதைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. சிமெண்ட் அதற்குப் பிந்தைய சரக்கு. ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். சுண்ணாம்புச் சுவர் மழையிலும் மண்ணிலும் இருந்து கொஞ்சம் ஈரத்தை வாங்கும், வெயிலிலும் காற்றிலும் அதை வெளியே விட்டுவிடும். வாங்குவதும் விடுவதும் சமமாக இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்டும் பிளாஸ்டிக் பெயின்டும் விடும் வழியை அடைத்துவிடுகின்றன. வாங்கும் வழி மட்டும் மெல்லிய விரிசல்கள் மூலமாகத் திறந்தே கிடக்கும்.

முதலில் ஈரத்தின் உருவத்தைப் பாருங்கள்.

தரையிலிருந்து கிளம்பி, சுமார் 1 மீட்டர் உயரத்துக்குள் வெண்மையான உப்புக் கோட்டோடு நின்றால், ஈரம் அடியிலிருந்து வருகிறது. கூரைக்குக் கீழேயோ சுவரின் நடுவிலோ திட்டாக இருந்தால் மேலே உடைந்த மழைநீர்க் குழாயையும், அடைபட்ட தாழ்வாரக் கால்வாயையும், பெயர்ந்த கூரை ஓடுகளையும் தேடுங்கள். அறையின் குளிர்ந்த மூலையில், அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சையோடு இருந்தால், அறைக்குள் இருக்கும் நீராவியே சுவரில் படிந்து நனைக்கிறது.

கடைசி இரண்டுக்கும் நடுவில் குழப்பம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சாண் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கத்தில் நீர் முத்து நின்றால், அது அறைக் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கத்தில் நின்றால் சுவரே நனைந்திருக்கிறது.

இரண்டு முள் வைத்துக் குத்தும் மின் ஈரமானியை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது அளப்பது மின்கடத்தலை. சுவரில் உப்பு இருந்தால் உலர்ந்த சுவரையும் "நனைந்தது" என்று காட்டும். அதன் எண்ணைக் காட்டியே சுவரைத் துளைத்து ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. நான் பார்த்த ஒரு வீட்டில் அப்படி வரிசையாக 40க்கும் மேற்பட்ட துளைகள் போட்டிருந்தார்கள். பணம் போனது, ஓதம் போகவில்லை. நான் வெளியே போய்ச் சுவரை ஒட்டியிருந்த பூச்செடிப் பாத்தியைக் கரணையால் கிளறினேன். ஒரு கை ஆழம் போனதும் கரணை கல்லில் தட்டியது. மண்ணைக் கையாலேயே வழித்துப் பார்த்தால், அடிமட்டத்தைச் சுற்றி ஓடும் உருட்டு விளிம்புக் கல். உளித்தடம் கூட மழுங்காமல் அப்படியே இருந்தது. வீட்டைக் கட்டியவர்கள் மழைத் தண்ணீர் தெறித்து விலக வேண்டும் என்றுதான் அந்த விளிம்பைச் செதுக்கியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக உரமும் மண்ணும் கொட்டிக் கொட்டி அதைப் புதைத்துவிட்டார்கள். பாத்தியை இறக்கி விளிம்பை வெளியே எடுத்தோம். சுவருக்கு வேறு மருந்து தேவைப்படவில்லை.

ஆகவே வரிசை இதுதான். வெளியே உள்ள மண்மட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்கட்டும். மழைநீர்க் குழாய்கள் சுவரை விட்டு விலகித் தண்ணீரை ஊற்றட்டும். சுவரை ஒட்டிக் கான்கிரீட் தளம் இருந்தால் ஒரு அடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சரளைக்கல் நிரப்புங்கள். இதற்குப் பிறகுதான் பூச்சில் கை வைக்க வேண்டும்.

சிமெண்ட் பூச்சைக் கொத்தும்போது முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் கைக்குட்டை அளவுக்கு மட்டும் கொத்திப் பாருங்கள். செங்கல்லின் மேல்தோல் சிமெண்டோடு சேர்ந்து பிய்ந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். சூளையில் வெந்த அந்தத் தோல்தான் செங்கல்லின் கவசம். அது போனால் உள்ளிருக்கும் மென்மையான களி மழையில் கரையும். அப்படிப்பட்ட சுவரில் சிமெண்டை இப்போதைக்கு விட்டுவைத்து, உள்பக்கத்தை மட்டும் திறந்துவிடுவதுதான் குறைந்த சேதம்.

பூச்சு எடுத்தபின் காத்திருக்க வேண்டும். வேலைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு: ஒரு பக்கமாகக் காயும் சுவர் மாதத்துக்கு 25 மி.மீ. காயும். 45 செ.மீ. சுவர் அப்படிக் காய ஒன்றரை வருஷம் ஆகும், இரண்டு பக்கமும் திறந்திருந்தால் பாதி. நான் சொல்வதிலேயே வீட்டுக்காரர்களுக்குக் கசக்கும் செய்தி இதுதான். ஆனால் இந்த ஒன்றரை வருஷத்தைச் சுருக்கப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறைக்கு அடுத்த பழுதைக் கட்டிக் கொடுக்கிறோம்.

அறிகுறி: வெள்ளைப் பொடி பூக்கிறது

உலர்கிற சுவர் உப்பைத் துப்பும். நல்ல அறிகுறி, பயப்பட வேண்டாம். காய்ந்த தூரிகையால் தட்டிப் பொடியைத் தாளில் வாங்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும்.

பல மாதமாகியும் நிற்காமல் செங்கல்லையே அரித்தால், காகிதக் கூழும் வெண்களியும் கலந்து சுவரில் அப்பிக் காயவிட்டு எடுப்பார்கள். காயும்போது கூழ் உப்பை இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

அறிகுறி: புதிதாகப் பூசிய சுண்ணாம்பு நகத்தில் உதிர்கிறது

இங்கே குற்றம் பெரும்பாலும் சுண்ணாம்பின் மேல் இல்லை, அவசரத்தின் மேல்தான். சுண்ணாம்பு இறுகுவது நீர் வற்றுவதால் மட்டுமல்ல. சுமார் 900 டிகிரி சூட்டில் சுடும்போது இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்பவும் வாங்கித்தான் அது மறுபடி கல்லாகிறது. அந்த வேலை நடக்கப் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும். வெயிலிலும் காற்றிலும் ஒரே நாளில் காய்ந்துவிட்டால் பொடிதான் மிஞ்சும்.

சோதித்துப் பாருங்கள். மேல்தோல் மட்டும் கெட்டியாகி அடியில் உதிர்ந்தால், ஒரே பூச்சில் தடிமன் ஏற்றிவிட்டார்கள். ஒரு தடவைக்கு 10 மி.மீ. போதும். முழுத் தடிமனும் உதிர்ந்தால் காயவிட்ட வேகம் அதிகம், அல்லது 5 டிகிரிக்குக் குறைந்த குளிரில் பூசியிருக்கிறார்கள். பாளம் பாளமாகப் பிரிந்து வந்தால், பூசுமுன் சுவரை நனைக்கவில்லை, அல்லது முதல் பூச்சைக் கீறி விடவில்லை. சிலந்திவலை போல வெடித்திருந்தால் மணல் மிக மெல்லியது, அல்லது மண் கலந்தது. பருக்கனும் நொய்யுமாகக் கலந்த, கழுவிய மணல் வேண்டும்.

உதிர்ந்ததை எடுத்துவிட்டு, சுவரை நன்றாக நனைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள்.

உதிர்கிறதே என்று பயந்து ஒரு சட்டி சிமெண்டைச் சேர்க்கும் கொத்தனார்கள் உண்டு. அங்கே மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். விரைவாக இறுக வேண்டிய இடமென்றால் நீரிலேயே இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு இருக்கிறது. அது 2, 3.5, 5 என்று வலிமை எண்ணோடு வரும். மென்மையான பழைய செங்கல்லுக்கு 5 அதிகம். பூச்சும் காரையும் கல்லைவிட எப்போதும் ஒரு படி மென்மையாக இருக்க வேண்டும். தேயப் போவது எது என்று வரும்போது அது காரையாக இருக்கட்டும், காரையை மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: சுவரில் விரிசல்

விரிசலைப் பார்த்ததும் இரும்புக் கம்பியையும் ரசாயனப் பசையையும் நினைக்காதீர்கள். இது அசைகிறதா, எப்போதோ அசைந்து நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. விரிசலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். உள்ளே பழைய பெயின்டும் அழுக்கும் ஒட்டடையும் இருந்தால் அது கிழ விரிசல். விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் புதியது.

புதியது என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, நடுவில் உள்ள தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதுங்கள். குறைந்தது ஒரு வருஷம் எழுத வேண்டும். மண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். சுவரும் அதோடு சேர்ந்து மூச்சு விடும். போய்த் திரும்பி வரும் அசைவு ஆபத்தில்லை, ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும் அசைவுதான் ஆபத்து.

பிரிட்டனில் பொறியாளர்கள் கையாளும் அளவுகோல்படி, 5 மி.மீ. வரையுள்ள விரிசல் பூச்சு வேலையோடு முடியும். 5 முதல் 15 வரை மிதமானது, கொஞ்சம் செங்கல் மாற்ற வேண்டிவரும். 25ஐத் தாண்டினால் கட்டடத்தின் நிலைப்பே கேள்வி. 15ஐத் தாண்டியதுமே பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளரைக் கூப்பிடுங்கள். புதுக் கட்டடம் மட்டும் பார்த்தவர் அச்சத்தில் எல்லாவற்றையும் கான்கிரீட்டில் முடிந்துவிடச் சொல்வார்.

காரணம் தேடும்போது முதலில் சாக்கடைக் குழாய். கசியும் குழாய் அடிமண்ணைக் கரைத்து அந்த மூலையை மட்டும் இறக்கும். அடுத்தது, யாராவது கீழ்த்தளத்தில் அறையைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சன்னலுக்கு மேலே மட்டும் விரிசல் என்றால் பூச்சுக்குள் மறைந்திருக்கும் மர நிலைவிட்டம் உளுத்திருக்கலாம்.

அறிகுறி: மரத்தளம் ஆடுகிறது

கூர்மையான ஊசியால் உத்திரத்தைக் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவருக்குள் நுழையும் முனையை. நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும், முனை மட்டும் வெண்ணெய் மாதிரி இறங்கும். ஈரச்சுவருக்குள் இருக்கும் முனைதான் முதலில் கெடும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் அதை அழுகவைக்க முடியாது. அதனால் மருந்தடிப்பதற்கு முன் ஓதம் வரும் வழியை அடைத்துவிடுங்கள்.

துளைகள் தெரிகின்றன என்பதற்காகப் பூச்சி இன்னும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கீழே கறுப்புத் தாள் விரித்து வைத்துச் சில வாரம் கழித்துப் பாருங்கள். வெளிர்நிறத்தில் புதுப் பொடி விழுந்திருந்தால் மட்டும் அந்த இடத்துக்கு வைத்தியம். வீடு முழுக்க விஷம் தெளிப்பதைக் கேட்டாலே எனக்கு மனசு பதறும்.

முனை போன உத்திரத்தை முழுசாக மாற்றத் தேவையில்லை. கெட்ட மரத்தை அறுத்து, அதே சாதிப் பழைய மரத்தைச் சாய்வு இணைப்பாகப் பொருத்தி மரையாணியால் முடுக்கலாம். புது மரத்தைப் பழசு மாதிரி சாயமடித்து ஏமாற்றவும் வேண்டாம். 1964இன் வெனிஸ் சாசனமே, புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது.

முனை நன்றாக இருந்தும் தளம் ஆடினால் பலகையைத் தூக்கிப் பாருங்கள். குழாய் போட வந்தவர்கள் உத்திரத்தின் மேல்விளிம்பை வெட்டிப் பள்ளம் செய்திருப்பார்கள். உத்திரத்தின் மேலும் கீழும்தான் பாரம் சுமக்கும் இடங்கள். குழாய்க்குத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் உயரத்தின் நடுக்கோட்டில் போட வேண்டும்.

அறிகுறி: சன்னல் அதிர்கிறது, குளிரும் இரைச்சலும் உள்ளே வருகின்றன

சன்னலை மாற்றாதீர்கள். அந்தக் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்க்கும்போது மரங்கள் லேசாக நெளிந்து தெரிகின்றனவா? அது பெரும்பாலும் கையால் ஊதிச் செய்த கண்ணாடி. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு வார்க்கும் தட்டைக் கண்ணாடி 1959இல்தான் அறிமுகமானது. ஒருமுறை உடைத்தால் அந்த நெளிவு திரும்ப வராது.

அதிர்வுக்குக் காரணம் தேய்ந்த கீலும், தடித்துப்போன பெயின்டும்தான். பெயின்டை உலர் தேய்ப்பாக எடுக்க வேண்டாம், தீயிலும் காட்ட வேண்டாம். பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978இல்தான். நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். பிறகு சட்டத்தில் காற்றடைப்புப் பட்டை வையுங்கள். அதுவும் போதாவிட்டால் உள்பக்கம் கழற்றி மாட்டக்கூடிய இரண்டாவது கண்ணாடிச் சட்டம். இரைச்சலுக்கு இரண்டுக்கும் நடுவில் 10 செ.மீ. இடைவெளியாவது வேண்டும்.

அறிகுறி: புகைபோக்கிச் சுவரில் பழுப்புக் கறை

எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் திரும்பி வரும். அடுப்பை மூடியவர்கள் மேலேயும் கீழேயும் இறுக அடைத்துவிட்டார்கள். உள்ளே தங்கிய கரியின் உப்புகள் ஈரத்தை இழுத்துச் சுவருக்குத் தள்ளுகின்றன. மேலே மழை புகாத காற்றுமூடியும், கீழே ஒரு காற்றுச் சல்லடையும் வையுங்கள். கறையேறிய பூச்சை மட்டும் எடுத்துப் புதுசாகச் சுண்ணாம்பு பூசுங்கள்.

அறிகுறி: புதுக் குளியலறை, சமையலறை வந்தபின் வீடு கெடத் தொடங்கியது

இந்த வீடுகள் ஆள் குடியிருந்தால்தான் பிழைக்கும். குளியலறையும் வேண்டும், நல்ல சமையலறையும் வேண்டும், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குளியலறைக்குக் கீழே கூரையில் கறை வந்தால் கழிவுக்குழாயின் சரிவைப் பாருங்கள். உத்திரத்தை வெட்டாமல் இருக்கத் தட்டையாகவே இழுத்திருப்பார்கள். அலங்காரக் கூரை இல்லாத, கழிவுக்குழாய் ஏற்கெனவே ஓடும் பக்கத்துக்குக் குளியலறையை மாற்றி, தரையை ஒரு படி உயர்த்தி அந்த இடைவெளிக்குள் குழாயைக் கொண்டுபோவதுதான் தீர்வு. பெரிய அறையைத் தடுக்க வேண்டியிருந்தால் தடுப்பைக் கூரைவரை ஏற்ற வேண்டாம். கூரையின் பூவேலை முழுசாகத் தெரியும்படி, பெட்டி மாதிரி தனியாக நிற்கட்டும். நாளைக்கு ஒருவர் கழற்றினால் ஆணித் துளைகள் மட்டும் மிஞ்ச வேண்டும்.

உள்சுவரில் வெப்பக்காப்பு ஒட்டியபின் நாற்றம் வந்தால் உடனே ஒரு துண்டைப் பிரித்துப் பாருங்கள். ஈரம் புகாத நுரைப்பலகைக்குப் பின்னால் சுவர் குளிர்ந்துபோய், அறை நீராவி அங்கே படிந்து ஊறிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, தேவையென்றால் மரநார்ப் பலகையோ தக்கை கலந்த சுண்ணாம்போ வையுங்கள். அதற்கும் முன்னால் அறையின் உள்கூரைக்கு மேலே காப்பு விரியுங்கள். சேதம் இல்லாமல் அதிகப் பலன் தருவது அதுதான்.

மின்கம்பியில் ரப்பர் உறை கையில் பொடிந்தால் விவாதமே இல்லை, முழுசாக மாற்ற வேண்டும். சுவரை வெட்டாமல் பழைய புகைபோக்கிப் பாதை, தளத்துக்கு அடி, மரப்பட்டிக்குப் பின்புறம் ஆகிய வழிகளில் கொண்டுபோகலாம்.

அறிகுறி: முந்தைய உரிமையாளர் அனுமதி இல்லாமல் செய்த வேலை தெரியவருகிறது

பட்டியலின் விதி நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடத்தின் உள்ளும் புறமும் சேர்த்தே பாதுகாப்பு. முதல் நிலை, இரண்டாம் நிலை என்று தரம் பிரித்திருந்தாலும் அனுமதி எல்லாத் தரத்துக்கும் வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றுவது 1990 சட்டப்படி குற்றம். திருத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பக் காலவரையறையும் இல்லை. செய்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போனாலும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும்.

உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும், தெரியவந்த உடனே அவசரப்பட்டுப் பிரித்து எறியாதீர்கள்; பிரிப்பதற்கும் அனுமதி தேவைப்படலாம். படம் எடுங்கள், பழைய வரைபடங்களோடு ஒப்பிடுங்கள், மரபுக் கட்டட அலுவலரை வீட்டுக்கே அழைத்துக் காட்டுங்கள். வாங்கும் முன்னாலேயே தெரிந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வேலைக்கு அனுமதி வாங்கித் தரச் சொல்லி விற்பவரிடமே கேளுங்கள்.